நான்காவது திசை உண்டா? நியூட்ரான் விண்மீன்கள் தரும் விடை

(படப்பையில் நடைபெற்ற பொது அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்கு அளவெடுப்பதுதான் வேலை. சிஎம்எம் எந்திரத்தில் ஒரு உதிரிபாகத்தை வைத்தால் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சுகளில் அளந்து தருகிறது. மூன்று எண்களைச் சொன்னால் எந்தப் புள்ளியையும் குறித்துவிடலாம். நான்காவது எண் தேவைப்படுவதே இல்லை. ஏன் இப்படி? வெளிக்கு மூன்று பரிமாணங்கள்தான் என்று யார் விதித்தது? நான்காவதாக ஒரு திசை இருந்து, அது நம் கருவிகளுக்கு எட்டாத அளவு சிறியதாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இதுதான் இன்றைய உரையின் பொருள். இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள கூர்மையான விடைகள் சில, நியூட்ரான் விண்மீன்களிடமிருந்து வந்திருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் பரிமாணம் எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் எந்த அளவுக்கு மேல் அது இருக்க முடியாது என்று எண்ணோடு சொல்லும் இடத்துக்கு அறிவியல் வந்து சேர்ந்திருக்கிறது. அளந்து சொல்லும் ‘இல்லை’ உயர்ந்த அறிவு. அதைச் சம்பாதிக்க எத்தனை பேர் எவ்வளவு உழைத்தார்கள் என்பதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப்போகிறேன்.

இரண்டு கொள்கைகளின் பிணக்கு

இருபதாம் நூற்றாண்டு இயற்பியலுக்கு இரண்டு பெரும் கொள்கைகளைத் தந்தது. ஒன்று, 1915-இல் ஐன்ஸ்டைன் முடித்துக்கொடுத்த பொதுச் சார்பியல். பொருள் இருக்கும் இடத்தில் காலமும் வெளியும் வளைகின்றன, அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்று உணர்கிறோம் என்று அது சொல்கிறது. இன்னொன்று குவாண்டம் இயற்பியல். அணுவையும் ஒளியையும், உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லையும் விளக்குவது அதுதான். இரண்டும் தத்தம் களத்தில் சோதனைக்குச் சோதனை வென்றிருக்கின்றன. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால் விடையாக முடிவிலி வந்து நிற்கிறது. ஈர்ப்புக்கு ஒரு குவாண்டம் கொள்கை வேண்டும். அது இன்னும் நம் கையில் இல்லை.

அதை நேரடியாகச் சோதிக்க முடியாதா என்றால், முடியாது என்பதுதான் இன்றைய நிலை. ஈர்ப்பின் குவாண்டம் தன்மை முழுவதும் வெளிப்படும் அளவுக்குப் பிளாங்க் நீளம் என்று பெயர். ஒரு மீட்டரைப் பத்தால் 35 முறை வகுத்தால் ஏறத்தாழ அது வரும். அங்கே எட்டிப்பார்க்க வேண்டுமானால் ஜெனீவாவில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி தரும் ஆற்றலைப்போல ஆயிரம் லட்சம் கோடி மடங்கு ஆற்றல் வேண்டும். அப்படியொரு எந்திரத்தைப் பூமியில் கட்ட இயலாது.

இந்தச் சிக்கலுக்கு இடையில் முளைத்ததுதான் கூடுதல் பரிமாணம் என்ற கருத்து. 1921-இல் ஜெர்மனியின் தியோடர் கலூசா, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் ஒரு பரிமாணத்தைக் கூட்டி எழுதினார். ஈர்ப்போடு மின்காந்த விசையின் சமன்பாடுகளும் அதிலிருந்து தாமாகவே வந்து விழுந்தன. அந்தத் திசை ஏன் நமக்குத் தெரிவதில்லை என்ற கேள்விக்கு 1926-இல் சுவீடனின் ஆஸ்கர் கிளைன் விடை சொன்னார். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் அது மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கிறது, அதில் நகர்ந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம் என்றார். பின்னாளில் வந்த இழைக் கொள்கைக்குப் பத்துப் பரிமாணங்கள் தேவைப்பட்டன. ஆகவே குவாண்டம் ஈர்ப்பைத் தேடுவோருக்குக் கூடுதல் பரிமாணம் ஒரு முக்கியமான தடயம்.

சென்னையில் படித்தவர் போட்ட கணக்கு

குவாண்டமும் ஈர்ப்பும் ஒரே சூத்திரத்துக்குள் வந்து, வானில் உள்ள ஒரு பொருளின் எடையைத் தீர்மானித்த வரலாறு நம் சென்னையோடு தொடர்புடையது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டை அந்த மாணவர் தேடிப்போய்ச் சந்தித்தார். எலெக்ட்ரான்கள் பற்றிய புதிய குவாண்டம் புள்ளியியலை அவரிடமிருந்து அறிந்துகொண்டார். 1930-இல் கேம்பிரிட்ஜ் செல்லக் கப்பல் ஏறியபோது வயது 19. கடல் பயணத்தில் அந்தப் புள்ளியியலோடு சிறப்புச் சார்பியலையும் சேர்த்து, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களுக்குக் கணக்குப் போட்டார். ஒரு நிறைக்கு மேல் அந்த விண்மீன் தன் எடையைத் தானே தாங்க முடியாது என்று விடை வந்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் சொல்லும் சந்திரசேகர் வரம்பு அதுதான். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வரம்பின் சூத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். குவாண்டத்தின் பிளாங்க் மாறிலி, ஈர்ப்பின் நியூட்டன் மாறிலி, ஒளியின் வேகம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த மூன்றையும் சேர்த்தால் பிளாங்க் நிறை என்ற அளவு கிடைக்கும். 0.02 மில்லிகிராம் அளவுள்ள சிறு நிறை அது. அதன் மும்மடியை ஒரு புரோட்டானின் நிறையின் இருமடியால் வகுத்தால் ஒரு விண்மீனின் நிறை வந்துவிடுகிறது. குவாண்டம் ஈர்ப்பின் அளவுகோல் வானத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரம்பைத் தாண்டிய விண்மீன் உள்ளகம் சரிந்தால் என்ன ஆகும்? 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளுக்குள் வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும், விண்மீன் வெடிப்பு என்பது சாதாரண விண்மீன் ஒன்று நியூட்ரான் விண்மீனாக மாறும் நிகழ்வு என்று எழுதினார்கள். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.337 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் ரேடியோ துடிப்பைக் கண்டார். சுழலும் நியூட்ரான் விண்மீனின் குரல் அது. அதைத்தான் பல்சர் என்கிறோம்.

இந்த விண்மீனின் குறுக்களவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இங்கிருந்து பலர் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் தொலைவுதான். அதற்குள் சூரியனைவிடக் கூடுதலான நிறை அடங்கியிருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் சுமார் 40 கோடி டன். அதன் மேற்பரப்பில் காலமே மெதுவாக ஓடும். இங்கே ஐந்து மணி நேரம் கழிந்தால் அங்கே நான்கு மணி நேரம்தான் கழிந்திருக்கும். உள்ளே குவாண்டம் இயற்பியலும் வெளியே வலுவான ஈர்ப்பும் ஒரே பொருளில் உச்சத்தில் இருக்கின்றன. அதனால்தான் பூமியில் கட்ட முடியாத ஆய்வுக்கூடமாக நாம் அதைக் கருதுகிறோம்.

ஈர்ப்பு ஏன் இத்தனை மெலிந்தது?

ஒரு சிறு காந்தம் தரையில் கிடக்கும் ஆணியைத் தூக்கிவிடுகிறது. மொத்தப் பூமியும் அந்த ஆணியைக் கீழே இழுக்கிறது, இருந்தும் தோற்றுவிடுகிறது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின்விசை, அவற்றுக்கு இடையே உள்ள ஈர்ப்பைப்போல் ஒன்றுக்குப் பின் 36 சுழி போட்ட அளவு மடங்கு பெரியது. இந்த வேறுபாடு ஏன் என்பது இயற்பியலின் தீராத கேள்விகளில் ஒன்று.

1998-இல் நிமா அர்க்கானி-ஹமேத், சாவாஸ் டிமோபௌலோஸ், கியா டுவாலி ஆகிய மூவர் துணிச்சலான ஒரு விடையை முன்வைத்தார்கள். ஈர்ப்பு உண்மையில் வலிமையானதுதான், கூடுதல் பரிமாணங்களுக்குள் அது பரவிப்போவதால் நமக்கு மிச்சம் மட்டும் கிடைக்கிறது என்றார்கள். ஒளியும் அணுக்களும் நம் மூன்று பரிமாணங்களை விட்டு வெளியேற முடியாது, ஈர்ப்பு மட்டும் வெளியேறும். அடுத்த ஆண்டு, 1999-இல், லிசா ராண்டலும் ராமன் சுந்தரமும் வேறொரு வழி காட்டினார்கள். கூடுதல் பரிமாணம் கடுமையாக வளைந்திருந்தால் ஒரே ஒரு பரிமாணம் போதும் என்பது அவர்கள் முடிவு.

இதைச் சோதிப்பது எப்படி? தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். மூன்று பரிமாணத்தில் கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதே அதற்குக் காரணம். இரண்டு பரிமாணங்கள் கூடுதலாக இருந்தால், அவை சுருண்டிருக்கும் அளவைவிடக் குறைந்த தொலைவில், ஈர்ப்பு நான்மடிக்கு ஏற்ப மாறும். 1998-இல் அந்தப் பரிமாணங்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கலாம் என்ற நிலை. அவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பை அதுவரை யாரும் சரியாக அளந்திருக்கவில்லை! அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசு கொண்டு ஆண்டுக்கணக்கில் அளந்தது. 2020-இல் 52 மைக்ரான் வரை நியூட்டன் விதி மாறவில்லை என்று அறிவித்தது. மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் உங்களுக்கு, ஈர்ப்பு போன்ற மெலிந்த விசையை அந்த இடைவெளியில் அளப்பது எத்தகைய சாதனை என்று விளங்கும்.

நியூட்ரான் விண்மீன் அதையும் மிஞ்சியது.

பிறப்பின் வெப்பத்தில் கிடைத்த வரம்பு

1987 பிப்ரவரி 23 அன்று, 1,60,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் செய்தி பூமிக்கு வந்தது. ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும், அமெரிக்காவிலும், அன்றைய சோவியத் நாட்டிலும் இருந்த கருவிகளில் பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்குள் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்கள் பதிவாயின. ஒரு நியூட்ரான் விண்மீன் பிறந்தபோது வெளிப்பட்ட துகள்கள் அவை. அதன் உள்ளகத்தில் வெப்பம் 30,000 கோடி டிகிரி அளவில் இருந்தது. வெளிப்பட்ட ஆற்றலில் 99 விழுக்காட்டை நியூட்ரினோக்களே சுமந்து சென்றன. அந்த வெடிப்பின் நடுவில் நியூட்ரான் விண்மீன் இருப்பதற்கான தடயத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டது 2024-இல் வெளியானது.

கூடுதல் பரிமாணம் இருந்தால் அந்த வெப்பத்தில் வேறொன்றும் நடந்திருக்க வேண்டும். நியூட்ரான்களும் புரோட்டான்களும் மோதும்போது ஈர்ப்பின் துகள்களாகிய கிராவிட்டான்கள் வெளிப்பட்டு, கூடுதல் பரிமாணங்களுக்குள் ஓடியிருக்கும். அந்தத் திசையில் ஓடும் கிராவிட்டானை நாம் காணும்போது அதற்கு நிறை இருப்பதுபோலத் தோன்றும். கலூசா, கிளைன் இருவர் பெயராலும் அது அழைக்கப்படுகிறது. அப்படி ஆற்றல் களவு போயிருந்தால் நியூட்ரினோக்களின் வரவு சீக்கிரமே நின்றிருக்கும். கணக்கில் எதிர்பார்த்தபடியே அவை வந்தன. ஆகவே களவு நடந்திருந்தாலும் சிறிதே நடந்திருக்க வேண்டும். இருபது நியூட்ரினோக்களைக் கொண்டு கூடுதல் பரிமாணத்தின் அளவுக்கு முதல் கடுமையான வரம்பு இப்படித்தான் விழுந்தது.

இதை இன்னும் ஆழமாகக் கொண்டுசென்றவர்கள் ஸ்டீன் ஹன்னெஸ்டாடும் கெயோர்க் ராஃபெல்ட்டும். இந்தக் கிராவிட்டான்கள் நிறையுள்ளவை, மெதுவாக நகர்பவை. அதனால் பல, புதிதாகப் பிறந்த நியூட்ரான் விண்மீனின் ஈர்ப்பைத் தாண்டிப் போக முடியாமல் அதைச் சுற்றியே தங்கிவிடும். நெடுங்காலம் மெல்ல மெல்லச் சிதைந்து காமா கதிர்களைத் தந்துகொண்டிருக்கும். ஆகவே நமக்கு அருகிலுள்ள பழைய நியூட்ரான் விண்மீன்களைச் சுற்றி மங்கலான காமா ஒளி தெரிய வேண்டும். அந்தச் சிதைவின் சூட்டால் விண்மீனும் இருக்க வேண்டியதைவிடச் சற்று வெப்பமாக இருக்க வேண்டும்.

2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி இதைத் தேடியது. காமா கதிரில் மங்கலாக உள்ள ஆறு நியூட்ரான் விண்மீன்களைத் தேர்ந்து, பதினொரு மாதத் தரவை ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டது. எதிர்பார்த்த ஒளி இல்லை. இரண்டு கூடுதல் பரிமாணங்கள் ஒரே அளவில் இருந்தால் அவை ஏறத்தாழ 9 நானோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு விழுந்தது. ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் முறுக்குத் தராசு தொட்ட 52 மைக்ரானைவிட ஐந்தாயிரம் மடங்குக்கும் மேல் நுண்ணியது. இரண்டு அல்லது மூன்று கூடுதல் பரிமாணங்கள் என்ற நிலையில் அன்று ஹாட்ரான் மோதுவி தந்த வரம்புகளையும் இது விஞ்சி நின்றது.

உங்கள் இன்ஸ்பெக்ஷன் மேசையில் கோ, நோ-கோ கேஜ் இருக்கிறது. நோ-கோ பக்கம் துளைக்குள் நுழையவில்லை என்றால் துளையின் சரியான அளவு உங்களுக்குத் தெரிய வராது, ஆனால் அது இன்ன அளவைவிடப் பெரிதில்லை என்று உறுதியாகத் தெரிந்துவிடும். ஆறு நியூட்ரான் விண்மீன்கள் செய்தது இதே வேலைதான். இந்த வரம்பு சில அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பரிமாணங்கள் சம அளவில் வளையமாகச் சுருண்டிருக்க வேண்டும், வெடிப்பின் வெப்பநிலைக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். நான்கோ அதற்கு மேலோ பரிமாணங்கள் கூடினால் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இரண்டு விண்மீன்கள் இணைந்த நாள்

2017 ஆகஸ்ட் 17. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாயின. அவை எழுப்பிய, வெளியின் அதிர்வுகளாகிய ஈர்ப்பலைகளை அமெரிக்காவின் லைகோ கருவிகளும் இத்தாலியின் விர்கோவும் பதிவு செய்தன. ஈர்ப்பலை முடிந்து 1.7 வினாடிக்குப் பின் காமா கதிர் வெடிப்பு வந்தது.

இடத்தைக் கண்டுபிடித்த விதம் கேளுங்கள். விர்கோவில் குறி மிக மெலிதாக விழுந்தது. அந்த நேரத்தில் அந்தக் கருவிக்குக் குருடான திசையில்தான் நிகழ்வு நடந்திருக்க வேண்டும் என்று அதிலிருந்தே முடிவு கட்டினார்கள். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நமது அஸ்ட்ரோசாட் காமா வெடிப்பைக் காணவில்லை. அதன் பார்வைக்குப் பூமி மறைத்திருந்த பகுதியில் நிகழ்வு இருக்கிறது என்று அது காட்டியது. காணாமையும் இங்கே தரவாகி உதவியது. சில மணி நேரத்தில் என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் அந்த ஒளியைத் தொலைநோக்கிகள் பிடித்தன. புனே அருகே கோடாடில் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 தட்டுகளோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி பின்னர் அதன் ரேடியோ ஒளியைத் தொடர்ந்து அளந்தது.

இந்த ஒரே நிகழ்வு கூடுதல் பரிமாணத்துக்கு இரண்டு சோதனைகளை வைத்தது. முதலாவது வலிமைச் சோதனை. ஈர்ப்பலையின் ஒரு பகுதி பெரிய கூடுதல் பரிமாணம் ஒன்றுக்குள் கசிந்துவிட்டால் நமக்கு வரும் அலை மெலிந்திருக்கும், அதனால் விண்மீன்கள் உண்மையான தொலைவைவிட அப்பால் இருப்பதாகக் கணக்கு காட்டும். அலை சொன்ன தொலைவும் ஒளி சொன்ன தொலைவும் ஒத்துப்போயின. காலத்தையும் சேர்த்து எண்ணினால் பரிமாணம் நான்குதான் என்று 2018-இல் வந்த ஆய்வு சொன்னது. இரண்டாவது வேகச் சோதனை. கூடுதல் பரிமாணத்தின் வழியாக ஈர்ப்புக்குக் குறுக்கு வழி இருந்திருந்தால் அது ஒளிக்கு வெகு முன்னரே வந்திருக்க வேண்டும். 13 கோடி ஆண்டுப் பயணத்தில் வேறுபாடு 1.7 வினாடி! இரண்டின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

குவாண்டம் ஈர்ப்புக்கும் இதே போன்ற சோதனை ஒன்று உண்டு. வெளி பிளாங்க் அளவில் நுரைத்துக் கிடந்தால், ஆற்றல் மிகுந்த ஒளித்துகள் அதில் சற்றுத் தாமதப்படலாம் என்று சில கொள்கைகள் கூறுகின்றன. 2009 மே 10 அன்று ஃபெர்மி கண்ட காமா வெடிப்பு, நியூட்ரான் விண்மீன்கள் இணைவதால் வருவதாகக் கருதப்படும் குறுகிய வகையைச் சேர்ந்தது. 700 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பயணித்து வந்த அதன் 31 கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஒளித்துகள், குறைந்த ஆற்றல் துகள்களோடு ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்தது. பிளாங்க் அளவை ஒட்டி, ஆற்றலுக்கு நேர்விகிதமாகத் தாமதம் கூடும் என்ற எளிய கொள்கைகளுக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. பிளாங்க் அளவை எட்ட முடியாது என்று முன்பு சொன்னேன். நேரடியாக எட்டாத இடத்தை நெடும் பயணம் எட்டிவிட்டது.

விண்மீனின் நெகிழ்வும் அதில் உள்ள சிக்கலும்

இரண்டு விண்மீன்கள் நெருங்கும்போது ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்றின் வடிவம் இழுபடும். எவ்வளவு இழுபடும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு, பிரிட்டனின் கணிதவியலாளர் ஏ. இ. எச். லவ் அவர்களின் பெயரால் லவ் எண் என்று பெயர். பொதுச் சார்பியலின்படி கருந்துளைக்கு இது சுழி. கூடுதல் பரிமாணம் இருந்தால் கருந்துளைக்கும் சுழியல்லாத எண் வரும், நியூட்ரான் விண்மீனின் எண்ணும் மாறும். புனேவின் ஐயுகா, கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆகியவற்றோடு தொடர்புடைய கபீர் சக்கரவர்த்தி, சுமந்த சக்கரவர்த்தி, சுகந்த போஸ், சௌமித்ர சென்குப்தா ஆகியோர் 2017 நிகழ்வின் தரவை வைத்து இந்தக் கணக்கைச் செய்து 2019-இல் வெளியிட்டனர். இந்தத் துறையில் நம் நாட்டவர் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

இதில் உண்மையான ஒரு சிக்கல் இருக்கிறது. நியூட்ரான் விண்மீனின் உட்பொருள் எது என்று முழுமையாகத் தெரியாது. நடுவில் நியூட்ரான்களே இருக்கலாம், குவார்க்குகளாகக் கரைந்தும் இருக்கலாம். விண்மீனின் நெகிழ்வு எதிர்பார்த்ததிலிருந்து மாறினால், உட்பொருள் வேறா, ஈர்ப்பு விதி வேறா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதற்கு 2013-இல் கென்ட் யாகியும் நிகோலஸ் யூனஸும் ஒரு வழி கண்டார்கள். நிலைமத் திருப்புத்திறன், லவ் எண், சுழற்சியால் வரும் தட்டைத்தன்மை ஆகிய மூன்றுக்கும் இடையே, உட்பொருள் எதுவானாலும் ஏறத்தாழ மாறாத தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு உடைந்தால் குற்றம் ஈர்ப்பு விதியுடையது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2017-இல் பொருத்தப்பட்ட நைசர் கருவி நியூட்ரான் விண்மீன்களின் ஆரத்தை அளந்து தந்திருக்கிறது. சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையுள்ள ஒன்றுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்று 2019-இல் அது சொன்னது. அளவு கூர்மையாகக் கூர்மையாக இந்தச் சோதனையும் கூர்மையடையும்.

இன்னும் கிடைக்காத இணை

1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸும் ஜோசஃப் டெய்லரும் ஒரு பல்சர் இன்னொரு நியூட்ரான் விண்மீனைச் சுற்றுவதைக் கண்டார்கள். ஈர்ப்பலைகளால் ஆற்றல் இழந்து அந்தச் சுற்றுப்பாதை சுருங்குகிறது. ஐன்ஸ்டைன் சொன்ன அளவே சுருங்குகிறது. 1993-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 2003-இல் கிடைத்த இரட்டைப் பல்சரை 16 ஆண்டுகள் அளந்து, பொதுச் சார்பியல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு நுட்பத்திலும் பிழைபடவில்லை என்று 2021-இல் காட்டினார்கள்.

பல்சரின் இணை கருந்துளையாக இருந்தால் கூடுதல் பரிமாணத்துக்கு இன்னொரு சோதனை பிறக்கும். ராண்டல், சுந்தரம் கொள்கையின் ஒரு விளக்கப்படி கருந்துளை வழக்கத்தைவிட வேகமாக ஆவியாகும். அப்போது நிறை குறைந்து சுற்றுப்பாதை விரியும். மற்ற பல்சர் இணைகள் எல்லாம் சுருங்கும்போது ஒன்று மட்டும் விரிந்தால் அது மிக வலுவான சான்று. இதை ஜான் சிமோனெட்டி, மைக்கேல் கேவிக் உள்ளிட்டோர் 2011-இல் எழுதினார்கள். அந்த ஆவியாதல் எல்லாரும் ஏற்ற முடிவு அன்று. என்றாலும் சோதித்துப் பார்க்கத் தக்கது.

அப்படியொரு இணை இதுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. மிக நெருங்கி வந்தது 2024-இல். ஏறத்தாழ 40,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 1851 என்ற விண்மீன் கொத்தில், தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் தொலைநோக்கி ஒரு பல்சரைக் கண்டது. அதன் இணையின் நிறை சூரியனைப்போல் 2.09 முதல் 2.71 மடங்கு வரை. மிக எடை கூடிய நியூட்ரான் விண்மீனாகவும் இருக்கலாம், மிக எடை குறைந்த கருந்துளையாகவும் இருக்கலாம். அதே கொத்தில் முதல் பல்சரை 2004-இல் கண்டுபிடித்தது நமது ஜிஎம்ஆர்டி.

பல்சர்களைக் கடிகாரமாகக் கொண்டு ஈர்ப்பலை தேடும் பணியிலும் நாம் இருக்கிறோம். இந்தியப் பல்சர் காலக்கணிப்பு அணி, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து, அண்டம் முழுவதும் பரவிய மிக மெதுவான ஈர்ப்பலை இரைச்சலுக்கான சான்றை 2023 ஜூனில் வெளியிட்டது. அந்த அணியில் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தவரும் உண்டு. ஊட்டியில் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியும் அந்த அணியின் தொடக்கக்கால அளவீடுகளுக்கு உதவியது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் கே. ஜி. அருண் போன்றோர் ஈர்ப்பலைகளைக் கொண்டு ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்கும் முறைகளை வகுத்தவர்கள். இவை எல்லாம் இந்தத் தமிழ்நாட்டில் நடக்கும் வேலை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைய இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள், அவற்றினுள் காற்றே இல்லாத துருவேறா எஃகுக் குழாய்கள். புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான நீள மாற்றத்தை அது அளக்க வேண்டும். அந்தக் குழாயில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் அளவு கெட்டுவிடும். அங்கே சமன்பாடு எழுதுவோர் தேவை. குறையில்லாமல் வெல்டிங் செய்பவர், லீக் டெஸ்ட் தெரிந்தவர், கிளீன் ரூமில் பழகியவர், காலிபரேஷன் அறிந்தவர் ஆகியோரும் அதே அளவு தேவை. ஐன்ஸ்டைனைச் சோதிக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன.

இந்த ஊரைச் சுற்றிய ஆலைகளில் அந்தக் கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் இங்குள்ள மாணவர்களுக்கு ஆலை வேலை தெரிந்த அளவு ஆராய்ச்சி நிறுவனங்களின் வாசல் தெரிவதில்லை. தரமணியும் சிறுசேரியும் நம் மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்கள். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள், அங்குள்ள அறிஞர்களை இங்கே அழைத்து வாருங்கள். பெற்றோர், பிள்ளை இயற்பியல் படிக்க வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். மாணவர்கள், கணக்கையும் கைத்தொழிலையும் இரண்டு சாதியாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் 19 வயதில் போட்ட கணக்கில்தான் இந்தத் துறையின் வேர் இருக்கிறது.

நான்காவது திசை இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு சம பரிமாணங்கள் என்றால் 9 நானோமீட்டருக்கு மேல் இல்லை என்று சொல்லத் தெரியும். அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்கப்போகிறவர் இந்த அவையில் உட்கார்ந்திருக்கலாம். அதற்கான படிப்பை இன்றே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.